சல்லிசாய்க் கிடைத்த ஊர்

என் பெரியப்பாவின் பேரன் பாங்காக்கிலிருந்து கூப்பிட்டபோது நான் டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, வர்ற சனி ஞாயிறு உங்க ஊர்ல இருப்பேன். டிக்கெட் செம சீப்பா கிடைச்சுது. ரெண்டு நாள் ஃபுல்லா நடந்தே சுத்தப் போறேன். நீங்களும் கூட வரணும்."

அவனுக்கு இருபத்தெட்டு வயது. அதுவரை அவனை நான் நேரில் பார்த்ததில்லை. குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தை மட்டும் எழுதினால் அது முழு உண்மையாகாது.

பெரியப்பா பதினாறு வயதில் தன் மாமாவோடு இந்த யாங்கோனிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் போனவர். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, "நீ முன்னால போ, நாங்க பின்னால வர்றோம்" என்று சொல்லி அனுப்பினாராம். யாரும் பின்னால் போகவில்லை. என் அப்பா இங்கேயே வளர்ந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே இறந்தார். அப்படித்தான் ஒரு குடும்பம் சென்னையிலும் ஒரு குடும்பம் இங்கே தாமுவே வட்டாரத்தில் ஒரு மூன்றாவது மாடியிலுமாக ஆனது. தீபாவளிக்குப் பேசுவோம். யாராவது இறந்தால் பேசுவோம். மற்றபடி ஒன்றுமில்லை.

என் வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், தம்பி. தம்பிக்கு முப்பத்தொன்று. போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன், நல்ல கை. முப்பத்தைந்துக்குக் கீழே உள்ள ஆண்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்த பிறகு, அவன் கடைத் தெருவிலேயே இரண்டு பேரை வழியில் நிறுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன்தான். அதன் பிறகு படியிறங்கவில்லை. எங்கள் வட்டாரப் பட்டியலில் அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டதாக இருக்கிறது. அது எப்படி அப்படி ஆனது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் பால்கனிக்குக்கூட வருவதில்லை. துணி காயப்போடுவது நானோ அம்மாவோதான். அவன் சட்டைகளை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயவைப்போம். காலையிலும் மாலையிலும் வாசற்கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் நடப்பான். திரும்புவான், மறுபடி நடப்பான். கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று வெறுங்காலோடு.

இந்த வீட்டுக்குத்தான் அந்தப் பையன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தான்.

சனிக்கிழமை காலை சூலே பகோடாவுக்குப் பக்கத்தில், அவன் தங்கியிருந்த மலிவான விடுதியின் வாசலில் சந்தித்தோம். வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளில் தங்கக்கூடாது என்பதால் அங்கே தங்கியிருந்தான். மாடியிறங்கி வந்தவனைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அப்பாவின் காது. வெளியே மடங்கி நிற்கும் அதே காது. "அத்தை!" என்று கட்டிக்கொண்டான். முதுகில் ஒரே ஒரு பை, காலில் நல்ல ஷூ, கழுத்தில் போனைத் தொங்கவிடும் ஒரு வார்.

"ரூல் சொல்லிடறேன்," என்றான். "டாக்ஸி கிடையாது, பஸ் கிடையாது. காலு மட்டும்தான். எவ்ளோ கம்மில ஒரு ஊரைப் பாக்க முடியும்னு காட்டறதுதான் என் சேனல்."

"நல்லது. எங்க எல்லாரோட ரூலும் இப்ப அதுதான்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான்.

நடந்தோம். எங்கள் நடைபாதைகளைப் பற்றி எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. கல் பெயர்ந்திருக்கும், பெயராத இடத்தில் ஜெனரேட்டர் நிற்கும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துத்தான் கடைகள் திறக்கின்றன. அவன் ஒவ்வொரு ஜெனரேட்டர் முன்னாலும் போனைத் தூக்கிப் பிடித்து, "மக்களே, சத்தம் கேக்குதா? இதான் யாங்கோன் வைப்!" என்றான். கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்தோம். விலையை என்னிடம் கேட்டு, போனில் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டினான்.

"அத்தை! நம்ம ஊர்ல இந்தக் காசுக்குத் தண்ணி பாட்டில்கூட வராது. எவ்ளோ சல்லிசா இருக்கு உங்க ஊரு!"

பக்கத்து மேசையில் பென்ஷன்காரர் ஒருவர் ஒரு டீயை வாங்கி இரண்டு கோப்பையில் பிரித்து மனைவியோடு குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பணம் தரையில் விழுந்து கிடப்பதால்தான் இது உனக்குச் சல்லிசு, எங்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விருந்தாளி. விழுங்கிவிட்டேன்.

பிறகு 'அத்தோ' தேட ஆரம்பித்தான். சென்னையில் பர்மாக்காரர்கள் தள்ளுவண்டியில் விற்பதாகச் சொன்னான். மூன்று தெரு சுற்றி, கடைசியில் நானே ஒரு அம்மாவிடம் நூடுல்ஸைக் கையால் பிசைந்து தரச் சொல்லி வாங்கிக்கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டான். "டேஸ்ட் ஒரிஜினல் மாதிரி இல்லையே அத்தை," என்றான். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரிஜினல் சென்னையில் இருக்கிறதாம். அந்த அம்மா என்ன சொல்கிறான் என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருக்காம் என்று சொன்னேன். அந்த இரண்டு நாளில் நான் சொன்ன முதல் பொய் அது.

மதியத்துக்கு முன்னால் போட்டடாங் பக்கம் போனோம். தாத்தாவின் துறைமுக லைன்வீடு இருந்த இடத்தை அவன் பார்க்க வேண்டும் என்றான். அங்கே இப்போது தகர வேலி போட்ட காலி மனை இருக்கிறது. உள்ளே தண்ணீர் தேங்கி, கீரை மாதிரி ஏதோ முளைத்திருந்தது. எவரோ கட்டடம் கட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுப்போன இடம். வேலியின் ஓட்டை வழியே படமெடுத்தான்.

"இதுக்கா தாத்தா சாகுற வரைக்கும் அழுதாரு?" என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அழுதது வீட்டுக்காகவாடா? பெரியப்பா அழுதது தம்பியை விட்டுவிட்டுப் போனதற்கு. அந்தத் தம்பி என் அப்பா. அவரும் இங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறார், நீ பார்த்ததில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வேகமாகத் தமிழ் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பர்மியமொழிதான் வரும்.

தாமுவே வரைக்கும் நடந்தே வந்தோம். கீழ்ப்படிக்கட்டில் அவனை நிறுத்தினேன்.

"இங்க பாரு. மேல என் தம்பி இருக்கான். உனக்குச் சித்தப்பா முறை. அவன் இங்க இருக்கிறது வெளிய தெரியக்கூடாது. அவனைப் படம் எடுக்காத. பேரு சொல்லாத. வீட்டையும் எடுக்காத."

"ஏன், ஏதாச்சும் கேஸா?"

"கேஸ் இல்ல. வயசு. பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போவாங்க."

"ஓ. அந்த மேட்டரா. யூடியூப்ல பாத்தேன். ஓகே அத்தை, நோ ப்ராப்ளம்."

அம்மா விடியலிலேயே எழுந்து சமைத்திருந்தாள். கோழிக்குழம்பு, மொச்சைக்கொட்டை, ஊறுகாய். எண்ணெயைச் சின்னப் பொட்டலமாக வாங்கும் வீட்டில் அன்றைக்குக் கரண்டி நிறைய ஊற்றித் தாளித்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளும் காதைத்தான் தொட்டாள். தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியாள் ஒருவனோடு அவன் சாப்பிட உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பிக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் தடுக்கும். அந்தப் பையன் விடவில்லை.

"சித்தப்பா, வீட்டுக்குள்ளயே இருக்கீங்களே, போரடிக்கலையா?"

"எனக்கு... வெயில்... ஒத்துக்காது," என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தான். அந்தப் பையன் போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்தான். திரை தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எடுக்கலையே?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை, சும்மா வச்சிருக்கேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டாலா. ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரிக்கு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி டிக்கெட். "நானும் பாக்க லோக்கல் மாதிரிதானே இருக்கேன், லோக்கல் டிக்கெட்டே எடுங்க அத்தை, பட்ஜெட்!" என்றான். மாட்டினால் கேள்வி என்னிடம்தான் வரும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தன் டிக்கெட்டை எடுத்தான். அந்த முணுமுணுப்பையும் போனில் பதிந்துகொண்டான்.

அக்கரையில் இறங்கினதும் சைக்காக்காரர்கள் சூழ்ந்தார்கள். மூன்று சக்கர மிதிவண்டி, பக்கவாட்டில் முதுகோடு முதுகாக இரண்டு பேர் உட்காரும் இருக்கை. முன்பெல்லாம் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று ஏறுவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. நடைதான் ரூல் என்றவன், வெயில் ஏறியதும் ரூலைத் தளர்த்தினான். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் விலை சொன்னார். இவன் என்னைப் பாதி விலை சொல்லச் சொன்னான். நான் சொல்ல மறுத்தேன். கைவிரலைக் காட்டி அவனே பேரம் பேசினான். அந்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டார்.

"பாத்தீங்களா? இதான் ட்ரிக். கேட்டாதான் கிடைக்கும்," என்றான் என்னிடம்.

இரண்டு மணி நேரம் அவர் எங்களை மிதித்தார். மூங்கில் வீடுகள், வயல், மண்ரோட்டில் குழி. குழி வரும் இடத்தில் நான் இறங்கிக்கொண்டேன். அவன் இறங்கவில்லை, படம் ஆடும் என்றான். திரும்பி வந்து இறங்கியபோது நான் மீதிப் பாதியை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் சயாமா. ஒரு வாரமா சவாரி இல்ல. இதுவே எனக்குப் பெரிசு," என்றார்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளை எங்கள் ஊரில் சயாமா என்பார்கள். என் முகத்தில் எப்படியோ அது எழுதியிருக்கிறது. பணத்தை இருக்கையில் வைத்துவிட்டு நடந்தேன். அவர் வேண்டாம் என்று சொன்ன மரியாதை எனக்குச் சைக்காவில் இருந்த இரண்டு மணி நேரத்தையும் விஷமாக்கிவிட்டது. இந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபெர்ரியில் என் தோளில் சாய்ந்து தூங்கினான், அப்பாவின் காதோடு.

இக்கரையில் துறையை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தோம். ரோட்டு வளைவில் மணல் மூட்டை அடுக்கி, முள்கம்பி போட்டு, சீருடைக்காரர்கள் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. எங்களுக்கு அது தினமும் பழகின காட்சி. பார்வையைத் தாழ்த்தி, கையை வெளியே வைத்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும்.

"போனைப் பைக்குள்ள போடு," என்றேன்.

"ம்," என்றான். போனை மார்பில் தொங்கவிட்டான். பைக்குள் போடவில்லை.

நாங்கள் தாண்டி இருபது எட்டு வைத்திருப்போம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அமா, நில்லுங்க."

அமா என்றால் அக்கா. வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவன் மேலிருந்து கீழே என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பாஸ்போர்ட். பிறகு என் அடையாள அட்டை. அதிலிருந்த எண்ணையும், தாமுவே விலாசத்தையும் ஒரு நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டான். அவன் கையெழுத்து என் டியூஷன் பிள்ளைகளின் கையெழுத்து மாதிரி உருண்டையாக இருந்தது. பிறகு போனைத் திறக்கச் சொன்னான். இந்தப் பையன் திறந்து கொடுத்தான். அந்த ஆள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். மணல்மூட்டையை எடுத்ததை அழித்தான். ஃபெர்ரி. சைக்கா. வயல். தகர வேலி. அதன் பிறகு என் வீடு.

என் அம்மா குழம்பு ஊற்றுகிறாள். கூஜாவின் பக்கத்திலிருந்து எடுத்தது. தட்டு, கை, அப்புறம் தம்பியின் முகம். புதுச் சட்டை.

"இது யாரு?" என்றான் அந்த ஆள் பர்மியமொழியில்.

"இவனோட கூட்டாளி. இந்தியாவிலேருந்து கூட வந்தான்."

"எங்க இப்ப?"

"நேத்தே பாங்காக் போயிட்டான்."

அவன் வீடியோவை ஓடவிட்டான். தம்பியின் குரல் ரோட்டில் கேட்டது. எனக்கு வெயில் ஒத்துக்காது. அந்தத் தடுக்கித் தடுக்கி வந்த தமிழ் அவனுக்குப் புரியவில்லை. பர்மியமொழி இல்லை என்பது மட்டும் புரிந்தது. அன்று சாப்பாட்டில் தம்பி ஒரே ஒரு வாக்கியம் பர்மியமொழியில் பேசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் யோசிப்பதில்லை.

அப்போது இந்தப் பையன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல தெளிவாக, சிரித்துக்கொண்டு கேட்டான்.

"என்ன அத்தை, சித்தப்பா யாருன்னு கேக்குறாங்களா?"

அந்த ஆள் நிமிர்ந்தான். "என்ன சொல்றான்?"

"கூட்டாளியை ஏன் கேக்குறீங்கன்னு கேக்குறான்," என்றேன் பர்மியமொழியில். அடுத்து, அதே மூச்சில், அதே முகத்தோடு, தமிழில் சொன்னேன். "வாயை மூடு. ஒரு வார்த்தை பேசாத. சிரிச்சுக்கிட்டே நில்லு."

சிரித்துக்கொண்டே நின்றான். அந்த ஆள் வீட்டில் எடுத்ததையும் அழித்தான். ஏன் அழித்தான் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் அழிக்கும் வேகத்தில் இருந்திருக்கலாம். டீ குடிக்கக் காசு கேட்டான், கொடுத்தேன். போங்க என்று கையசைத்தான்.

மூன்று தெரு தள்ளி ஒரு மூடின கடையின் முன்னால் நின்றேன். எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை நடுத்தெருவில் நான் கத்தினதில்லை. அன்று கத்தினேன்.

"உங்கிட்ட எடுக்காதன்னு சொன்னேனா இல்லையா? தட்டைக் கையில வச்சுக்கிட்டு மறுபடி கேட்டேனா இல்லையா?"

"சாரி அத்தை. பாட்டி சமைச்சது அவ்ளோ நல்லா இருந்துச்சு, ஃபேமிலி ஷாட் ஒண்ணு வேணும்னு... டெலீட் பண்ணிட்டாங்கல்ல, விடுங்க. சொல்லப்போனா இந்த ட்ரிப்லயே இதான் செம சம்பவம்."

"உனக்குச் சம்பவம். நாளைக்கு நீ பிளேன்ல உக்காந்து போயிருவ. என் பேரும் விலாசமும் அவன் நோட்டுல இருக்கு. என் தம்பிக்கும் உனக்கும் மூணு வயசுதான்டா வித்தியாசம். நீ ரெண்டு நாளா இந்த ஊரையே காலால அளந்த. அவன் கீழ்ப்படியில கால் வச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையாகப் பயந்தான். அந்தப் பயத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதாவது வந்ததே என்று இருந்தது. விடுதிக்குத் தனியாகப் போ, மேப் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, நடை ரூல் எல்லாம் மறந்து முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். அழவில்லை. க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாட்டு மொத்தக்கடை வைத்திருக்கும் அவளுடைய பழைய சிநேகிதிக்குப் போன் செய்தாள். அந்த அம்மா பர்மியர். எங்களுக்கு ரத்த உறவு எதுவும் இல்லை. "பையனை இறக்கிவை, வண்டி வருது" என்று மட்டும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் அவருடைய மருமகன் மூன்று சக்கரச் சரக்குவண்டியோடு வந்தார். தம்பி இரண்டு சட்டை, ஒரு கைலி, திருப்புளிப் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டான். மாடிப்படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. இறங்கிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து, மேலே சாக்கை இழுத்து மூடிக்கொண்டு போனான். பட்டப்பகல். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பையன் கிளம்பிவிட்டான். விமான நிலையத்திலிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்றும், 'தேங்க்ஸ் அத்தை, சாரி அத்தை' என்றும் அனுப்பினான்.

புதன்கிழமை வட்டார அலுவலகத்து ஆளும் இன்னொருவரும் வந்தார்கள். வெளிநாட்டுக்காரன் ராத்திரி இங்கே தங்கினானா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அதை நம்பின மாதிரி இருந்தது. ஆனாலும் அறைகளைப் பார்த்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்கள். இரண்டு ஜோடி, இரண்டும் பெண்கள் செருப்பு. அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "மகன் மலேசியாவில சௌக்கியமா?" என்று கேட்டார் அந்த ஆள், பெயரைச் சொல்லி. சௌக்கியம் என்றாள் அம்மா. போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. 'ஒண்ணும் ஆகலையே' என்று பின்னால் சென்னையிலிருந்து பலமுறை கேட்கப்போகும் அந்த 'ஒண்ணும்' இதுதான்.

அடுத்த வாரம் பழைய மாணவி ஒருத்தி எனக்கு ஒரு இணைப்பை அனுப்பினாள். 'சயாமா, இது நீங்கதானே?' என்று கேட்டிருந்தாள்.

'ரெண்டு நாள், ரெண்டு கால், சல்லிசா யாங்கோன்!' என்று தலைப்பு. சனிக்கிழமை எடுத்ததையெல்லாம் அவன் அன்றே விடுதியிலிருந்து எங்கோ ஏற்றி வைத்திருந்தான். போனில் அழித்தது அங்கே அழியவில்லை. என் அம்மா குழம்பு ஊற்றுகிறாள். என் தம்பி சிரிக்கிறான். 'எங்க சித்தப்பாவுக்கு வெயில் ஒத்துக்காதாம்!' என்று மேலே எழுத்து, பக்கத்தில் ஒரு சூரியன் பொம்மை.

கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் பர்மியமொழியில் திட்ட ஆரம்பித்து, புரியாது என்று நிறுத்தி, தமிழுக்கு வந்தேன்.

"எடு அதை. இப்பவே எடு."

"அத்தை, முகம் ரெண்டு செகண்டுதான் வருது. அது தமிழ்ல இருக்கு, உங்க ஊர்ல யாரு பாப்பாங்க?"

"நான் பாத்தேன். எனக்கு அனுப்பினவ பாத்தா. அவளுக்கு அனுப்பினவன் பாத்திருக்கான்."

"நீங்க இவ்ளோ சீரியஸ்னு சொல்லவே இல்லையே அத்தை."

பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கீழ்ப்படியில சொன்னேன். சாப்பாட்டுல கேட்டேன். முள்கம்பிக்கிட்ட பாத்த. இன்னும் எப்படிச் சொல்லணும்? செத்துக் காட்டணுமா?"

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. எடுத்துவிட்டான், பத்து நிமிஷத்தில். அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக் காட்சிகள் இல்லாமல் மறுபடி போட்டான். அதில் நான் இல்லை, யாரும் இல்லை. பகோடா, டீ, ஃபெர்ரி, சைக்கா. முடிவில் தன் முகத்தைக் காட்டிச் சொல்கிறான். "நியூஸைப் பாத்துப் பயப்படாதீங்க மக்களே. நான் ரெண்டு நாள் நடந்தேன், ஒரு பிரச்சனையும் இல்ல. பயமே இல்லாத ஊரு. தைரியமா வாங்க." என் தம்பியைப் படமெடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இந்த வாக்கியத்தை மன்னிக்க மாட்டேன். மூடின கடையின் முன்னால் முகம் வெளுத்து நின்றவன் அவன்தான்.

அவனுடைய அம்மா கூப்பிட்டார். "பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. சின்னப் பையன், தெரியாம செஞ்சுட்டான். நீ கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்," என்றார். "அண்ணி, இருபத்தெட்டு வயசு இங்க சின்னப் பையன் இல்ல. துப்பாக்கி தூக்க வைக்கிற வயசு," என்றேன். கடைசியில், "அப்பவே எல்லாரும் இங்க வந்திருக்கலாம்," என்றார். அறுபது வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒரே புத்திமதி.

தம்பி இன்னும் க்யிம்யிண்டைங்கில்தான் இருக்கிறான். கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. வட்டாரத்தில் மறுபடி கணக்கெடுப்பு நடப்பதால் இப்போதைக்குத் திரும்ப முடியாது. அந்த அம்மா அவனிடம் வாடகை வாங்குவதில்லை. சந்தைக்காரர்களின் போன்களை உள்ளேயே இருந்து சரிபார்த்துக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு தாமுவேயிலிருந்து நடந்து போகிறேன். பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள், நடப்பவளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால் வலிக்கும். வழி முழுக்க மனசுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டே போவேன். பாதி வழி அந்தப் பையனை. மீதி வழி, பேர் எழுத முடியாதவர்களை.

போன வாரம் போனபோது தம்பி தாடி விட்டிருந்தான். சட்டையில், தலைமுடியில், எல்லாவற்றிலும் கருவாட்டு வாடை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "வழியில என்னக்கா பாத்த?" என்று கேட்டான். ஒவ்வொரு வாரமும் கேட்பான். வெட்டின மரம், மூடின கடை, புதுசாக வந்த முள்கம்பி, குட்டி போட்ட நாய் எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அந்தப் பையன் டிசம்பரில் கூட்டாளிகள் நாலு பேரோடு மறுபடி வரலாமா என்று கேட்டு எழுதியிருப்பதையும் சொன்னேன். 'இந்தத் தடவை கேமரா இல்லாம, சத்தியமா' என்று எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை.

தம்பி இன்னொரு பிடி சோற்றை உருட்டினான்.

"எனக்கு அவன் மேல கோபம் இல்லக்கா," என்றான். "கோபப்பட்டா இந்த ரூம் இன்னும் சின்னதாயிடுது. நீயும் விட்டுடு."

"உனக்கு வேண்டாம்னா விடு," என்றேன். "எனக்கு இருக்கு. இருக்கட்டும்."

அவன் தட்டைக் கழுவி என்னிடம் கொடுத்தான். பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தையைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கவில்லை.